சிறிய ஆடியோ மிக்சர்: எந்தத் திருகு எதுவரை பாயும்?

கேள்வி சுருக்கமாக இது. பல ஒலிகளை ஒன்றாகக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சர், எட்டு சேனல் உள்ள சிறியது ஒன்று, கைக்கு வந்திருக்கிறது. இரண்டு மைக், ஒரு கீபோர்டு, பின்னணி இசை போட ஒரு லேப்டாப். மிக்சரின் முகத்தில் ஐம்பது அறுபது திருகுகள். எதையாவது திருப்பினால் சத்தம் வந்துவிடுகிறது. ஆனால் குரல் ஒரு நேரம் கரகரவென்று உடைகிறது, இன்னொரு நேரம் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலுக்குள் மெலிந்து கிடக்கிறது. எந்தத் திருகு எதற்கு, எதை முதலில் தொடுவது?

அறுபது திருகு என்று மலைக்க வேண்டாம். மேலிருந்து கீழாக ஒரே ஒரு பட்டையை மட்டும் பாருங்கள். அதுதான் ஒரு சேனல். அதில் இருப்பவை பொத்தான்களையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு. பக்கத்துப் பட்டை அதே சமாச்சாரம் மறுபடியும். ஒன்றைப் புரிந்துகொண்டால் எட்டும் புரிந்த மாதிரி. வலது ஓரத்தில் உள்ள மாஸ்டர் பகுதியை மட்டும் தனியாகப் படிக்க வேண்டும்.

ஒரு திருகு என்ன செய்யும் என்பதைக் கையேடே சொல்லிவிடும். அதைவிட உதவுகிற கேள்வி ஒன்று உண்டு: இதைத் திருப்பினால் மாற்றம் எங்கெங்கே கேட்கும்? சேனலுக்குள் ஒலி வாய்க்கால் நீரைப் போல ஒரே திசையில்தான் ஓடும். தலைமடையில் குறைத்தால் கடைமடை வரை எல்லாவற்றுக்கும் குறையும். ஒரு வயலுக்குப் போகும் மடையை அடைத்தால் அந்த வயலுக்கு மட்டும் நிற்கும். உள்ளே வரும் ஒலியை முதலில் பெருக்கும் கெய்ன் திருகு தலைமடை. பட்டையின் அடியில் மேலும் கீழும் நகரும் ஃபேடர் ஒரு வயலுக்கான மடை. மிக்சரில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசம் தெரியாததால் வருபவை. அதனால் ஒலி போகும் வழியிலேயே நாமும் போவோம்.

முதலில் ஜாக்குகள். மூன்று ஓட்டை உள்ள வட்டமான எக்ஸ்எல்ஆர் ஜாக் மைக்குக்கு. கால் அங்குல ஜாக் கீபோர்டு போன்ற, மைக்கைவிடப் பலமான 'லைன்' அளவில் ஒலி தரும் கருவிகளுக்கு. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த காம்போ ஜாக்கும் உண்டு. எக்ஸ்எல்ஆரில் 1-ஆம் பின் தரை; 2-ஆம், 3-ஆம் பின்களில் ஒரே ஒலி நேர் எதிராகத் தலைகீழாக்கப்பட்டு வருகிறது. வழியில் கேபிளுக்குள் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது: இரைச்சல் அடிபட்டுப் போகிறது, ஒலி இரட்டிப்பாகிறது. மைக் கேபிள் முப்பது மீட்டர் போனாலும் சுத்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம். இதை பேலன்ஸ்டு இணைப்பு என்பார்கள். கிட்டார் கேபிளில் இந்த வசதி கிடையாது, ஆகவே அதை ஐந்தாறு மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. கிட்டாரை நேராகச் செருகுவதாக இருந்தால் 'ஹை-இசட்' என்ற பொத்தான் உள்ள சேனலில் செருகுங்கள். சாதாரண லைன் ஜாக்கில், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் கிட்டாரின் பிக்கப் மீது பாரம் கூடிப்போய் ஒலி மங்கிவிடும்.

அந்தக் கழித்தல் வேலையால் வரும் ஒரு விசித்திரத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஒரு ஸ்டீரியோ கேபிளை எடுத்து, மறுமுனையில் உள்ள ஒரே பெரிய பின்னை மோனோ சேனலின் லைன் ஜாக்கில் செருகுகிறார்கள். பாட்டு வருகிறது, ஆனால் பாடகரின் குரலைக் காணோம்! எங்கோ தூரத்தில் எதிரொலி மட்டும் கேட்கிறது. லேப்டாப்போ கேபிளோ கெட்டுப்போகவில்லை. அந்தப் பின்னில் இடது ஒலியும் வலது ஒலியும் வருகின்றன. மிக்சரோ அதை பேலன்ஸ்டு என்று நினைத்து இடதிலிருந்து வலதைக் கழிக்கிறது. பாட்டுகளில் குரல் நடுவில், இரு பக்கமும் சமமாக இருக்கும். கழித்தால் பூஜ்யம். லேப்டாப்புக்கு வேண்டியது ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு தனித்தனி மோனோ பின்கள் உள்ள கேபிள். அவற்றை ஸ்டீரியோ சேனலின் இடது, வலது ஜாக்குகளில் செருகுங்கள். கீபோர்டுக்கும் ஸ்டீரியோ சேனல்தான் சரி. அதில் ஒரே ஒரு கேபிள் இருந்தால் 'இடது/மோனோ' என்று போட்ட ஜாக்கில் செருகினால் போதும், இரு பக்கமும் போய்விடும்.

இனி கெய்ன். சில மிக்சர்களில் 'ட்ரிம்' என்று போட்டிருக்கும். இந்தப் பதிலில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள்.

வாய்க்குப் பக்கத்தில் பிடித்த டைனமிக் மைக் (வெளி மின்சாரம் தேவைப்படாத சாதாரண மேடை மைக்) தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தொழில்முறைக் கருவிகளின் லைன் அளவு ஏறத்தாழ 1.23 வோல்ட். மைக்கின் ஒலியைச் சில நூறு மடங்கு பெருக்கினால்தான் மிக்சரின் மற்ற பகுதிகள் அதை வைத்து வேலை செய்ய முடியும். அந்தப் பெருக்கலைத்தான் கெய்ன் தீர்மானிக்கிறது. கணக்கும் எளிது: 6 டெசிபெல் என்றால் மின்னழுத்தம் இரு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. சிறிய மிக்சர்களின் கெய்ன் திருகு பெரும்பாலும் 50, 60 டெசிபெல் வரை போகும்.

குறைவாக வைத்தால் என்ன ஆகும்? ஒலி மெலிந்தே உள்ளே போகிறது. அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. கடைசியில் சத்தம் போதவில்லை என்று நீங்கள் ஃபேடரையும் ஸ்பீக்கரையும் ஏற்றுகிறீர்கள். மெலிந்த குரலோடு அந்த இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. கேள்வியில் சொன்ன 'ஸ்ஸ்' இதுதான். அதிகமாக வைத்தால்? மின்சுற்றுக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்துக்கு ஓர் உச்சம் உண்டு. அதைத் தாண்டப் பார்க்கும் அலையின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது. காதுக்கு அதுவே கரகரப்பு. தலைமடையில் வெட்டுப்பட்ட அலையைக் கீழே எந்தத் திருகாலும் ஒட்ட வைக்க முடியாது. ஃபேடரை இறக்கினால் உடைந்த குரல் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

வைக்கும் முறை இது. சேனல் ஃபேடரை முழுக்க இறக்குங்கள். பாடுபவரை நிகழ்ச்சியில் பாடப்போகும் அதே பலத்தோடு, அதே தூரத்தில் மைக்கைப் பிடித்துப் பாடச் சொல்லுங்கள். 'ஹலோ, செக்' என்று முணுமுணுப்பதை வைத்து கெய்ன் வைத்தால் மேடையில் முதல் உச்சஸ்தாயியிலேயே உடையும். சேனலில் 'பிஎஃப்எல்' பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். ஃபேடருக்கு முன்னால் இருக்கும் அளவை மீட்டர் அப்படியே காட்டும். சாதாரணமாகப் பாடும்போது 0-ஐ ஒட்டியும், ஓங்கிப் பாடும்போது +6 அளவுக்கும் வரும்படி கெய்னைத் திருப்புங்கள். மிக்சர்களில் மீட்டரின் 0-க்கு மேலே பொதுவாக 20 டெசிபெல் அளவுக்கு இடம் இருக்கும். எதிர்பாராத உரத்த கணங்களுக்காக அந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும். சேனலில் உள்ள சிவப்பு விளக்கு, 'பீக்' அல்லது 'கிளிப்' என்று போட்டிருக்கும், அது எப்போதாவது மின்னினால் பரவாயில்லை. பாட்டோடு சேர்ந்து தாளம் போட்டால் கெய்ன் அதிகம்.

பிஎஃப்எல் இல்லாத மிக்சரா? மற்றச் சேனல்களை எல்லாம் இறக்கிவிட்டு, இந்தச் சேனலின் ஃபேடரையும், எல்லாச் சேனல்களும் சேர்ந்த ஒலிக்கான மெயின் ஃபேடரையும் 0-இல் நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் வால்யூமைக் குறைத்துக்கொண்டு, மெயின் மீட்டர் 0-ஐ ஒட்டி ஆடும்வரை கெய்னை ஏற்றுங்கள். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை அறைக்குத் தேவையான அளவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஸ்பீக்கரும் சேர்ந்து ஒழுங்காகிவிடுகிறது. ஸ்பீக்கரின் வால்யூம் முழுதாக ஏறியிருக்க, மெயின் ஃபேடர் அடிவயிற்றில் கிடக்கும் அமைப்பில் கையின் சின்ன அசைவுகூடப் பெரிய சத்தமாகிவிடும்.

இப்போது தலைமடை விஷயம். கெய்னை ஒருமுறை வைத்துவிட்டால் நிகழ்ச்சி நடுவில் அதைத் தொடாதீர்கள். குரல் போதவில்லை என்று கெய்னை ஏற்றினால் அரங்கத்தில் மட்டும் ஏறாது. மேடை மானிட்டரில் (பாடகர் தன் குரலைக் கேட்க அவர் முன்னால் வைக்கும் ஸ்பீக்கர்) ஏறும், ரிவெர்ப் என்ற எதிரொலி விளைவுக்குப் போவது ஏறும், பதிவுக்குப் போவதும் ஏறும். மானிட்டர் ஏறினால் மைக் அதைப் பிடித்து ஊளையிடும். அரங்கத்துக்கு மட்டும் வேண்டிய மாற்றத்துக்கு ஃபேடர் இருக்கிறது.

கெய்னுக்கு அருகில் சில பொத்தான்கள் இருக்கும். 'பேட்' என்பது உள்ளே வருவதையே பொதுவாக 20 டெசிபெல் குறைக்கும்; டிரம் பக்கத்தில் வைத்த மைக் போல, கெய்ன் முழுக்க இறங்கியும் உடைகிறதென்றால் மட்டும் அழுத்துங்கள். 'லோ கட்' சுமார் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டும். மனிதக் குரலில் அங்கே பயனுள்ள எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். இருப்பவை மைக்கைப் பிடிக்கும் கையின் உராய்வு, மேடையில் காலடி, மூச்சு மோதும் 'புஃப்'. பேச்சு மைக், பாட்டு மைக் எல்லாவற்றிலும் இதை அழுத்திவையுங்கள். இவ்வளவு பலன் தரும் பொத்தான் மிக்சரில் வேறெதுவும் இல்லை. கீபோர்டிலும் பேஸ் கிட்டாரிலும் மட்டும் அழுத்தாதீர்கள்.

48 வோல்ட் பொத்தான் ஃபேன்டம் பவர். கன்டென்சர் மைக்குக்கு வேலை செய்ய மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் அதே மைக் கேபிள் வழியாக 2, 3 பின்களில் சமமாக அனுப்பப்படுகிறது. சமமாக இருப்பதால், ஒழுங்கான எக்ஸ்எல்ஆர் கேபிளில் இணைத்த டைனமிக் மைக்குக்கு அது இருப்பதே தெரியாது. சிறிய மிக்சர்களில் பெரும்பாலும் எல்லா மைக் ஜாக்குக்கும் சேர்த்து ஒரே பொத்தான் என்பதால் இது ஓர் ஆறுதல். பழைய ரிப்பன் மைக் இருந்தால் கவனம் தேவை, தவறான கேபிளோடு அது சேதமாகலாம். இந்த 48 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. 1966-இல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் நார்வே நாட்டு வானொலிக்காக இந்த முறையில் இயங்கும் மைக்குகளைச் செய்துகொடுத்தது. அங்கே அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே ஸ்டூடியோக்களில் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். மைக்கைச் செருகி, சேனலை மியூட் செய்த பிறகே இந்தப் பொத்தானைப் போடவோ அணைக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டொப்' என்று அறையும். இன்னொன்று: மொபைலில் செருகும் சட்டைக்காலர் மைக்குக்கு வேண்டியது சில வோல்ட் மட்டும், அதுவும் வேறு இணைப்பில். அதற்குரிய மாற்றி இல்லாமல் மிக்சரில் அது வேலை செய்யாது.

அடுத்து ஈக்யூ, அதாவது ஒலியின் மேல், நடு, கீழ் அதிர்வெண்களைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் பகுதி. மூன்று திருகுகள்: ஹை, மிட், லோ. பல சிறிய மிக்சர்களில் ஹை 12 கிலோஹெர்ட்ஸ், மிட் 2.5 கிலோஹெர்ட்ஸ், லோ 80 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். ஒவ்வொன்றையும் 15 டெசிபெல் வரை கூட்டலாம், குறைக்கலாம். நட்டநடுவில் இருந்தால் அது எதையும் செய்வதில்லை. எல்லாவற்றையும் நடுவில் வைத்து, முதலில் கேளுங்கள். மைக்கை நகர்த்தி, தூரத்தை மாற்றிப் பாருங்கள். திசை சார்ந்த மைக்கை வாயை ஒட்டிப் பிடித்தால் பேஸ் (கீழ் அதிர்வெண்) தானாகவே கூடும். அந்தக் கொழகொழப்பை இரண்டு விரல் தூரம் தள்ளிப் பிடித்தே குறைத்துவிடலாம். பிறகுதான் திருகு.

பலரும் கை வைப்பது ஹையிலும் லோவிலும். உண்மையில் குரல் குடியிருப்பது மிட்டில். சொற்கள் தெளிவாகக் காதில் விழுவதற்கான மெய்யெழுத்தின் கூர்மை சுமார் 2-லிருந்து 4 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. பேச்சு புரியவில்லை என்றால் ஃபேடரை ஏற்றுவதற்கு முன் லோவைக் கொஞ்சம் குறைத்து, மிட்டை 2, 3 டெசிபெல் கூட்டிப் பாருங்கள். சத்தம் கூடாமலேயே சொல் முன்னால் வரும். குரல் காதைக் குத்தினால் அதே திருகைக் குறையுங்கள். சில மிக்சர்களில் மிட்டுக்கு இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று எந்த அதிர்வெண் என்பதற்கு, மற்றது எவ்வளவு என்பதற்கு. அப்படி இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டப்பாவுக்குள் இருந்து பேசுவது போன்ற ஒலி பெரும்பாலும் 200-லிருந்து 500 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அங்கே கொண்டுபோய்க் கொஞ்சம் குறைத்தால் ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். நிலையான மூன்று திருகு ஈக்யூவால் அந்த இடத்தைச் சரியாக எட்ட முடியாது. எந்த அதிர்வெண் என்று தேடுவதற்காக மிட்டை ஏற்றிக்கொண்டு துழாவும் வேலையை ஹெட்ஃபோனில் செய்யுங்கள். ஸ்பீக்கர் ஓடும்போது செய்தால் ஊளையைக் கையைப் பிடித்து அழைப்பதாகும்.

கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஈக்யூவில் 6 டெசிபெல் கூட்டினால் அந்தப் பகுதியின் மின்னழுத்தம் இரு மடங்காகிறது. கெய்னில் நீங்கள் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த இடம் அங்கே செலவாகிவிடும். ஈக்யூவை நன்றாகக் கூட்டியிருந்தால் சிவப்பு விளக்கை மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

ஒரே திருகில் 'காம்ப்' என்று இருந்தால் அது கம்ப்ரசர். உரத்த சத்தத்தை அமுக்கி, மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்கும். மைக்கை நெருங்கியும் விலகியும் பேசுபவருக்குக் கால் பங்கு திருகினால் உதவும். அதற்கு மேல் வேண்டாம்; மெல்லிய சத்தங்கள் எழும்பும்போது அறையின் இரைச்சலும் ஊளையும் சேர்ந்து எழும்பும்.

இப்போது ஆக்ஸ் திருகுகள். புதியவர்களை அதிகம் திணற வைப்பவை இவை. ஒவ்வொரு சேனலிலும் உள்ள ஆக்ஸ் திருகு அந்தச் சேனலின் ஒலியிலிருந்து ஒரு பங்கை எடுத்து இன்னொரு வாசல் வழியாக வெளியே அனுப்புகிறது. அதாவது மெயின் கலவைக்கு இணையாக, அதிலிருந்து வேறுபட்ட இன்னொரு கலவையை நீங்கள் செய்கிறீர்கள். அரங்கத்துக்குக் கீபோர்டும் குரலும் சமமாகப் போகலாம். பாடகருக்கு முன்னால் உள்ள மானிட்டருக்கு அவர் குரல் அதிகமாகவும் கீபோர்டு சுருதிக்குப் போதுமான அளவும் போகலாம். எட்டுச் சேனல்களின் 'ஆக்ஸ் 1' திருகுகளை மட்டும் குறுக்குவாட்டில் ஒரு வரிசையாகப் பாருங்கள். அந்த வரிசை முழுவதும் பாடகரின் மானிட்டர். அதன் மொத்த அளவுக்கு மாஸ்டர் பகுதியில் ஒரு திருகு இருக்கும். அது பூஜ்யத்தில் கிடந்தால் மேலே எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் வராது.

அந்தப் பங்கு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம். ஃபேடருக்கு முன்னால் எடுத்தால் 'ப்ரீ', பின்னால் எடுத்தால் 'போஸ்ட்'. மானிட்டருக்கு ப்ரீ வேண்டும். அரங்கத்துக்காக நீங்கள் ஃபேடரை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பாடகரின் காதில் அவர் குரல் வந்து வந்து போனால் அவரால் சுருதியில் நிற்க முடியாது. ரிவெர்ப், எக்கோ போன்றவற்றுக்கு போஸ்ட் வேண்டும். ஃபேடரை இறக்கினால் குரலோடு அதன் ரிவெர்பும் இறங்க வேண்டும்; ப்ரீயில் வைத்தால் குரல் மறைந்த பிறகும் ரிவெர்ப் மட்டும் ஆவியாக உலவிக்கொண்டிருக்கும். அதனால்தான் 'எஃப்எக்ஸ்' (எஃபெக்ட்) என்று பெயரிட்ட திருகு பெரும்பாலும் போஸ்டாக இருக்கும். மற்ற ஆக்ஸ்களுக்கு சில மிக்சர்களில் ப்ரீ/போஸ்ட் பொத்தான் உண்டு, சிலவற்றில் தொழிற்சாலையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். நிகழ்ச்சிக்குப் போகும் முன் சோதித்துவிடுங்கள்: ஆக்ஸை ஏற்றி, ஃபேடரை இறக்குங்கள். மானிட்டரில் சத்தம் நின்றால் போஸ்ட், தொடர்ந்தால் ப்ரீ. பெரும்பாலான சிறிய மிக்சர்களில் ப்ரீ ஆக்ஸ்கூட ஈக்யூவுக்குப் பிறகே எடுக்கப்படுகிறது. ஆக, ஈக்யூவைத் தொட்டால் மானிட்டரும் மாறும்.

உள்ளேயே ரிவெர்ப் இருக்கும் மிக்சரில் நூறு ப்ரோகிராம் இருப்பதாகப் பெட்டியில் போட்டிருப்பார்கள். பாட்டுக்கு ஒரு சிறிய 'ஹால்', ஒரு 'பிளேட்' என்ற ரிவெர்ப் வகைகள் இரண்டு போதும். பேச்சுக்கு எதுவும் வேண்டாம். பாட்டு முடிந்து பேசத் தொடங்கும்போது ரிவெர்ப் மெயினுக்குத் திரும்பி வரும் எஃப்எக்ஸ் ரிட்டர்ன் ஃபேடரை இறக்குவதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; எதிரொலியோடு வரும் அறிவிப்பு யாருக்கும் புரியாது. வெளியில் உள்ள எஃபெக்ட் கருவியை ஒரு சேனல் வழியாகத் திருப்பிக் கொண்டுவந்தால், அந்தச் சேனலில் அதே ஆக்ஸைப் பூஜ்யத்திலேயே வைத்திருங்கள். இல்லையென்றால் ஒலி வட்டமடித்து அலறும்.

பேன் திருகு ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ தள்ளும். குரல் நடுவில் இருக்கட்டும். ஒரே ஒரு ஸ்பீக்கரை மெயினின் இடது வாசலில் இணைத்திருக்கிறீர்கள் என்றால், வலப்பக்கம் பேன் செய்த எதுவும் கேட்காது. ஒரு கருவி காணாமல் போனால் பேனையும் ஒரு பார்வை பாருங்கள்.

மியூட்டுக்கு விளக்கம் தேவையில்லை, ஒரு விதிவிலக்கைத் தவிர: சில சிறிய மிக்சர்களில் அந்தப் பொத்தானில் 'ஆல்ட் 3-4' என்றும் எழுதியிருக்கும். அப்போது அழுத்தினால் ஒலி சாகாது. மெயினிலிருந்து விலகி 3-4 என்ற வேறு இரண்டு வாசல்களுக்குப் போகும். தனியாகப் பதிவு செய்ய இது நல்ல வசதி.

ஃபேடரின் அருகில் உள்ள எண்களைக் கவனியுங்கள். மேலே +10, கொஞ்சம் கீழே 0, பிறகு −5, −10, −20 என்று போய் அடியில் முடிவிலிக் குறி. 0 என்றால் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. 0-ஐச் சுற்றி எண்கள் விலகி இருக்கின்றன, அடியில் நெருங்கிவிடுகின்றன. 0 பக்கம் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் சில டெசிபெல்தான் மாறும். அடியில் அதே சென்டிமீட்டர் இருபதைத் தாண்டிவிடும். நுணுக்கமாக வேலை செய்ய வேண்டிய ஃபேடர் 0-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எல்லா ஃபேடர்களும் அடியில் கிடந்தால் கெய்னோ ஸ்பீக்கரோ அதிகம் என்று பொருள். ஃபேடருக்குப் பதில் திருகு உள்ள மிக்சரிலும் இதே கதைதான்.

மாஸ்டர் பகுதியில் முதலில் மெயின் ஃபேடர். ஒரே அளவுள்ள, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். நான்கு சேர்ந்தால் 6. ஒவ்வொரு சேனலும் தனித்தனியே ஒழுங்காக இருந்தும் மெயின் மீட்டர் சிவப்பைத் தொடுவது இதனால்தான். அப்போது கை தானாக மெயின் ஃபேடருக்குப் போகும். அது முழுத் தீர்வு இல்லை. சேனல்களை ஒன்றாகக் கூட்டும் சுற்று மெயின் ஃபேடருக்கு முன்னால் இருக்கிறது; உடைவது அங்கே என்றால், மெயினை இறக்கியதும் மீட்டர் பச்சைக்குத் திரும்பும், கரகரப்பு மட்டும் அப்படியே இருக்கும். சேனல் ஃபேடர்களை எல்லாம் ஒரே அளவில் கொஞ்சம் இறக்குங்கள்.

'ஃபோன்ஸ்' அல்லது 'கன்ட்ரோல் ரூம்' திருகு உங்கள் காதுக்கு மட்டும். அதைத் திருப்பினால் அரங்கத்தில் எதுவும் மாறாது. இதற்கு நேர் மறுபக்கமும் உண்டு: ஹெட்ஃபோனில் பலமாகக் கேட்கிறது என்பதால் வெளியே போகிறது என்று நம்பக் கூடாது. வெளியே போவதைச் சொல்வது மெயின் மீட்டர்.

'2-ட்ராக்' அல்லது 'டேப்' என்ற வாசல்கள் இடைவேளையில் பாட்டுப் போடவும் பதிவு செய்யவும். பக்கத்தில் 'டு மெயின்' என்று ஒரு பொத்தான் இருக்கும். பதிவுக் கருவியின் உள்வழி, வெளிவழி இரண்டையும் இங்கே இணைத்துவிட்டு இதை அழுத்தினால் மெயின் ஒலி பதிவுக் கருவிக்குப் போய், அங்கிருந்து திரும்பி மறுபடி மெயினுக்கே வரும். ஊளை நிச்சயம். யூஎஸ்பியிலும் இதே சுழல் உண்டு. கணினியிலிருந்து வரும் ஒலி மெயினில் கலந்து, மெயின் கணினிக்குப் போய், பதிவு மென்பொருள் அதைத் திரும்ப ஒலிக்கவிட்டால் எக்கோ மேல் எக்கோ வரும். மென்பொருளில் 'மானிட்டர்' என்ற வசதியை அணைத்தால் நின்றுவிடும்.

யூஎஸ்பி பற்றி ஒரு எதிர்பார்ப்பையும் சரி செய்ய வேண்டும். பெரும்பாலான சிறிய மிக்சர்கள் கணினிக்கு அனுப்புவது இரண்டு தடங்களை மட்டுமே, அதாவது கலந்து முடித்த மெயின் ஒலியை. எட்டு மைக்கையும் எட்டுத் தனித் தடமாகப் பதிவு செய்து பிறகு சரி செய்யலாம் என்று நினைத்தால் அது நடக்காது. அதற்குரிய பலதட யூஎஸ்பி உள்ள மாடல் வேண்டும். டிஜிட்டலில் 0 என்பதற்கு மேல் இடமே கிடையாது, மிக்சர் மீட்டரின் 0-வோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மென்பொருளில் சராசரி −18 பக்கமும், உச்சம் −6-ஐத் தாண்டாமலும் இருந்தால் நிம்மதி.

லேப்டாப்பைச் சார்ஜரோடு இணைத்ததும் 'ம்ம்ம்' என்ற உறுமலோ கீச்சொலியோ வந்தால் அது பெரும்பாலும் தரை இணைப்புகள் இரண்டு வழியில் சேர்ந்து ஒரு வளையமாவதால் வருவது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றால் காரணம் அதுதான். ஒலியை விட்டு அந்தத் தரை வளையத்தை மட்டும் துண்டிக்கும் டிஐ பாக்ஸோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ இடையில் போட்டால் தீரும். மின்பிளக்கின் எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தும் வேலையை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். மைக்கைத் தொட்டுக்கொண்டிருப்பவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

சத்தமே வரவில்லை என்றால் கண்டபடி திருகாமல், இந்த வழியிலேயே நடந்து போங்கள். பிஎஃப்எல் அழுத்தினால் மீட்டர் அசைகிறதா? இல்லையென்றால் கோளாறு மைக், கேபிள், 48 வோல்ட், கெய்ன் இவற்றுக்குள். அசைகிறது, ஆனால் மெயின் மீட்டரில் இல்லை என்றால் மியூட், பேன், ஃபேடர், மெயினுக்கு அனுப்பும் பொத்தான் இவற்றுள் ஒன்று. மெயின் மீட்டரும் அசைந்தால் மிக்சர் தன் வேலையைச் செய்துவிட்டது. வெளியே போகும் கேபிளையும் ஸ்பீக்கரையும் பாருங்கள். மூன்று இடங்களைப் பார்த்தாலே எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, மின்சாரம் போடும் வரிசை. ஃபேடர்களை இறக்கிவைத்து முதலில் கீபோர்டு, லேப்டாப், பிறகு மிக்சர், எல்லாம் முடிந்த பின் ஸ்பீக்கர். அணைக்கும்போது ஸ்பீக்கரை முதலில் அணைத்துவிட்டு மிக்சருக்கு வாருங்கள். மிக்சர் அணையும்போது எழும் அந்த ஒரு 'டொப்' ஸ்பீக்கரின் கோனுக்குப் போய்ச் சேரக் கூடாது.